நான்கு சக்கரங்களும் ஒரு சேமவச்சும்

தமிழ்ச் சிறப்பு வகுப்பில் பயிலும் மாணவன் ஒருவன் நமது கலாசாலை மலருக்குக் கட்டுரை வரையப் புகுந்தால், காப்பியச் சுவையையோ கம்பன் கவிநயத்தையோ பொருளாகக் கொள்வான் என்று அன்பர்கள் எதிர்பார்ப்பது இயல்பே. யானோ, ஒரு பழைய மோட்டார் வண்டியின் டயர்களைப் பற்றி எழுதத் துணிந்தேன். இது தமிழ் மாணவனுக்கு அடாத பொருள் என்று கருதுவோர் சிறிது பொறுத்தருள்க. நம் சான்றோர் வண்டியையும் சக்கரத்தையும் இழிவாக எண்ணினாரல்லர். புறநானூற்றில் ஔவையார், அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடுங்கால், உப்பு வணிகராகிய உமணரின் வண்டியை நினைவுகூர்கின்றார். பாரம் மிகுந்த வண்டியை மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டிச் செல்லும் உமணர், வழியில் யாது நேருமோ என்று அஞ்சி, வண்டியின் அடியில் வேறோர் அச்சையும் கட்டிச் செல்வராம். அதற்குச் சேமவச்சு என்று பெயர். அத்தகைய சேமவச்சைப் போன்றவன் அவ்விளைஞன் என்பது புலவர் கருத்து.

இக்காலத்து ஓட்டுநர்கள் ஸ்டெப்னி என்று வழங்கும் உபரிச் சக்கரம் அச்சேமவச்சின் இனத்தைச் சேர்ந்ததே. 1904-ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரத்தில், ஸ்டெப்னி என்னும் தெருவில் அது முதன்முதல் விற்பனைக்கு வந்தமையால் அப்பெயர் பெற்றது. தெருவின் பெயர் கடல் கடந்து வந்து, எங்கள் தூத்துக்குடி உப்பு லாரிக்காரர் நாவில் இன்றும் வாழ்கின்றது. மேற்கூறிய புறப்பாட்டை வகுப்பிலே படித்தேன். தேர்வில் அதற்கு விடை எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். ஆயின் அதன் பொருளை யான் உணர்ந்தது வகுப்பறையிலன்று, ஆறுமுகனேரியைக் கடந்த சாலையோரத்திலேயாம். அவ்வரலாற்றையே ஈண்டு எழுதுகின்றேன்.

எங்கள் தாத்தா தூத்துக்குடித் துறையில் நெடுங்காலம் தண்டலாகத் தொழில் செய்தவர். தோணியை நடத்தும் தலைவனைத் தண்டல் என்பது எங்கள் துறைமுக வழக்கு. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிச் சென்று வந்த அவர், முழங்கால் நோவினால் கடலை விட்டுக் கரையேறிய பின்னர், ஒரு பழைய டீசல் வேனை விலைக்கு வாங்கினார். அதற்கு இப்போது இருபத்தைந்து வயதுக்கு மேலாகின்றது. உரிய அனுமதி பெற்று இருக்கைகள் சிலவற்றைக் கழற்றிவிட்டு, தோணி கட்டும் ஓடாவி ஒருவரைக் கொண்டு உள்ளே இரண்டு பலகைக் கட்டில்கள் அமைத்தார். கட்டில்களின் அடியில் பெட்டிகள், ஒருபால் அடுப்பு, பின்கோடியில் 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. மேல்நாட்டார் இத்தகைய வண்டியைக் கேம்பர் வேன் என்பர். தாத்தாவோ தரைத்தோணி என்பார். திருவிழாக் காலங்களில் வேம்பார், புன்னைக்காயல், ஆலந்தலை, மணப்பாடு, உவரி முதலிய கடற்கரையூர்களுக்கு எங்களையும் ஏற்றிச் செல்வார். திருப்பலி முடிந்த பின்னர், கடலோசை கேட்குமிடத்தில் வண்டியை நிறுத்தி, அதனுள்ளே உறங்குவதே அவருக்குப் பேரின்பம். அவருக்குக் கண்பார்வை சிறிது மங்கியமையால், வண்டியைச் சித்தப்பா ஓட்டுவார்.

2025-ஆம் ஆண்டு தவக்காலத்தில், அவ்வண்டியின் முன்சக்கரங்களிரண்டும் எங்களுக்குக் கவலை தந்தன. புது டயர் மாட்டி 6,000 கிலோமீட்டர் கூட ஓடவில்லை. அதற்குள் இரண்டு டயர்களிலும் உட்புற விளிம்பு மட்டும் மொட்டையாய்த் தேய்ந்துவிட்டது. வெளிப்புறமோ புதிது போலவே இருந்தது. யான் சினங்கொண்டு, "டயரே மட்டமான சரக்கு, கடைக்காரரிடம் சண்டையிட வேண்டும்" என்றேன். தாத்தா அதற்கு இசையாமல், திருச்செந்தூர் சாலையோரத்தில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் காட்டுமாறு பணித்தார். ஊரார் யாவரும் அவரை அண்ணாச்சி என்றே அழைப்பர்.

அண்ணாச்சி டயரை நோக்கினார், என்னை நோக்கினார், பின்பு என் வலக்கையைப் பற்றி, டயரின் முகப்பின்மேல் உள்ளிருந்து வெளியாகத் தடவச் செய்தார். வழவழப்பாக இருந்தது. வெளியிலிருந்து உள்ளாகத் தடவச் செய்தார். அரத்தின் பல்லைப் போல உள்ளங்கையைக் கீறிற்று.

"டயரை ஏசாத தம்பி. வண்டி என்ன செய்யுதோ அதை டயரு எழுதிவைக்கும். நாமதான் வாசிக்கணும்" என்றார்.

அவர் வாசித்துக் காட்டியதை என் சொற்களில் கூறுவேன். வண்டி நேராக ஓடும்போது முன்சக்கரங்களிரண்டும் ஏறத்தாழ இணைகோடுகளாக நிற்றல் வேண்டும். அவற்றின் முன்விளிம்புகள் பின்விளிம்புகளைவிடச் சற்று நெருங்கியிருந்தால் அது டோ-இன், அகன்றிருந்தால் டோ-அவுட். எங்கள் வண்டி பின்சக்கரத்தால் உந்தப்படுவது. அத்தகைய வண்டி ஓடும்போது, சாலையின் தடையினால் முன்சக்கரங்கள் சிறிது வெளிநோக்கித் திரும்ப முனையும். ஆதலின் நிற்கும்போது இரண்டொரு மில்லிமீட்டர் டோ-இன் வைப்பது வழக்கம். வண்டிக்குரிய சரியான அளவு அதன் கையேட்டில் காணப்படும். அளவு பிழைத்தால் சக்கரம் உருள்வதோடு நில்லாமல் பக்கவாட்டில் உரசவும் செய்யும். டோ-அவுட் மிகுந்தால் உள்விளிம்பும், டோ-இன் மிகுந்தால் வெளிவிளிம்பும் தேயும்.

அண்ணாச்சி முதலில் கணினி எதனையும் நாடவில்லை. ஒரு சாக்கட்டி, ஓர் அளவுநாடா, நூற்கயிறு ஆகியவையே அவர் கருவிகள். முன்சக்கரங்களின் நடுக்கோட்டில், அச்சின் உயரத்தில், முன்பக்கம் இரண்டு குறியிட்டு இடைவெளியை அளந்தார். வண்டியைத் தள்ளி, அக்குறிகள் பின்பக்கம் அதே உயரத்திற்கு வரும்படி சக்கரத்தை அரைச்சுற்று உருட்டி, மறுபடியும் அளந்தார். ஒரே குறிகளை இருமுறையும் அளப்பதால், டயரின் கோணல்மாணல் கணக்கைக் கெடுக்காது. முன்பக்கத்து இடைவெளி 11 மில்லிமீட்டர் மிகுந்திருந்தது.

"பதினொரு மில்லிமீட்டர்தானே!" என்று யான் எளிதாக எண்ணினேன். அன்றிரவு கணக்கிட்டுப் பார்த்த பின்னரே அச்சிறுமையின் பெருமை விளங்கிற்று. எங்கள் டயரின் விட்டத்திற்கு அது ஒவ்வொரு சக்கரமும் ஏறத்தாழ அரைப் பாகை விலகியிருப்பதாகும். அரைப் பாகை விலகிய சக்கரம், ஒரு கிலோமீட்டர் ஓடும்போது 8 மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் இழுபடும். தூத்துக்குடியிலிருந்து மணப்பாடு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அங்கே போய்ச் சேருவதற்குள் எங்கள் டயர் அரைக் கிலோமீட்டர் தூரம் தார்ச்சாலையில் தேய்த்து இழுக்கப்பட்டதற்கு ஒப்பாகும். எந்த ரப்பர் அதனைத் தாங்கும்? குற்றமற்ற டயரின்மேல் யான் பழி சுமத்தியிருந்தேன்.

இப்பிழைக்குக் காரணம் எங்கள் ஊர்க் காற்றே. இரு சக்கரங்களையும் இணைக்கும் தண்டின் நுனியிலுள்ள மூட்டுகள் தேய்ந்து ஆடின. நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகோ, உப்பளச் சேறு படிந்து துருவேறி இறுகிப்போயிருந்தது. உப்பளத்தை அடுத்து வண்டியை நிறுத்தியதன் பயன் அது. அண்ணாச்சி எண்ணெய் ஊற்றி, சூடேற்றி, பொறுமையோடு அதனை இளக்கினார். மூட்டுகளைப் புதிதாக மாற்றினார். தேய்ந்த மூட்டுகளை மாற்றாமல் அளவை மட்டும் திருத்துதல், ஆடும் தூணுக்குச் சுண்ணாம்பு பூசுவதை ஒக்கும் என்பதை அன்று கண்டேன். அவர் இன்னொன்றும் கூறினார்: கட்டிலும் பெட்டியும் தண்ணீரும் எப்போதும் வண்டியில் இருப்பதால், அவற்றை இறக்கிவிட்டு அளக்கலாகாது. வழக்கமான பாரத்தோடும், டயரில் சரியான காற்றோடும் நிறுத்தியே அளத்தல் வேண்டும்.

சக்கரத்திற்கு வேறிரண்டு சாய்வுகளும் உள. சக்கரத்தின் தலை உட்புறமோ வெளிப்புறமோ சாய்ந்திருப்பது கேம்பர்; அது பிழைத்தாலும் ஒருபக்க விளிம்பு தேயும், ஆயின் அரத்தைப் போன்ற கூர் பெரும்பாலும் இராது. சக்கரம் திரும்புதற்குரிய அச்சாணி பின்னோக்கிச் சாய்ந்திருப்பது காஸ்டர். சைக்கிளின் முன்கவை சாய்ந்திருப்பதைக் காண்க. வளைவில் திரும்பிய சக்கரம் தானே நேர்வழிக்கு மீள்வது அதனாலேயே. எங்கள் வண்டி போன்று முழு அச்சுடைய பழைய வண்டிகளில் டோ ஒன்றையே எளிதில் திருத்தலாம். மற்றிரண்டும் பிழைத்தனவாயின் அச்சு வளைந்ததென்றோ, கிங்பின் தேய்ந்ததென்றோ, ஸ்பிரிங் பட்டை தளர்ந்ததென்றோ கொண்டு, அக்குறையைத் தேடிக் காணல் வேண்டும். எங்கள் வண்டியில் அவை நேராகவே இருந்தன.

முன்சக்கரங்களுக்கு, முன்னிருந்த அதே எழுத்தும் எண்ணும் உடைய புது டயர்களை அண்ணாச்சியே தருவித்து மாட்டினார். "பின்னால உள்ள ரெண்டும் பழசாப் போச்சு. தூரப் பயணத்துக்கு முந்தி மாத்திரு" என்றும் சொல்லியனுப்பினார்.

அப்பொறுப்பைத் தாத்தா எனக்கு அளித்தார். வேண்டிய பணத்தை என் கையில் கொடுத்து, "ஐயா, நீ படிச்ச பிள்ள, பாத்து வாங்கிட்டு வா" என்றார். அச்சொல் எனக்குப் பெருமையாக இருந்தது. அண்ணாச்சியிடம் மறுபடியும் போய்க் கேட்பது அப்பெருமைக்குக் குறைவென்று தோன்றிற்று. வண்டியின் டயரில் 185 ஆர் 14 சி என்றிருந்தது. ஒரு கடையில் நெடுநாள் விற்காமல் கிடந்த இரண்டு டயர்களில் 185/70 ஆர் 14 என்றிருந்தது. கோடுகள் ஆழமாக, கருமையாக, பார்வைக்கு அழகாக இருந்தன. விலையோ மிகக் குறைவு. "இது கார் டயர், தம்பி" என்று கடைக்காரர் ஒருமுறை சொல்லத்தான் செய்தார். "185-உம் ஒன்றே, 14-உம் ஒன்றே; வேறென்ன வேறுபாடு?" என்று யான் வழக்காடினேன். அவர் அதற்குமேல் ஒன்றும் கூறவில்லை. ரூ. 4,000 மிச்சம். அதனைத் தாத்தாவிடம் நீட்டியபோது அவர் மகிழ்ந்து, "புத்தகம் வாங்கிக்கோ" என்று எனக்கே தந்துவிட்டார். அப்பணத்தில் சங்க நூல்களின் உரைப்பதிப்புகள் சிலவற்றை வாங்கினேன். அவை இன்றும் விடுதியில் என் மேசைமேல் இருக்கின்றன.

மணப்பாட்டில் திருச்சிலுவைத் திருவிழா செப்டம்பர் 14-ஆம் நாள் நடைபெறும். 2025 செப்டம்பர் 13, சனிக்கிழமை பிற்பகல், வெயில் கொளுத்திக்கொண்டிருந்த வேளையில், தூத்துக்குடியை விட்டுப் புறப்பட்டோம். சித்தப்பா ஓட்ட, தாத்தா அவரருகில் அமர்ந்திருந்தார். பின்கட்டிலில் பாட்டி படுத்திருந்தார். மற்றதில் யானும் சித்தப்பாவின் சிறுமகளும். முக்காணியும் ஆத்தூரும் ஆறுமுகனேரியும் கடந்தன. எதிரே உப்பு லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. அப்போது வண்டியின் அடியில் வெடிச்சத்தம் எழுந்தது. வண்டியின் பின்புறம் மீனின் வால் போல இருபுறமும் வீசியது. தண்ணீர்த் தொட்டி சரிந்தது. குழந்தை கட்டிலிலிருந்து என்மேல் விழுந்தது. பாட்டி, "மாதாவே!" என்று கூவியது மட்டும் என் செவியில் விழுந்தது.

சித்தப்பா பிரேக்கை மிதிக்கவில்லை. பின்சக்கரம் வெடித்த நிலையில் மிதித்திருந்தால் வண்டி சுழன்றிருக்கும். ஸ்டீயரிங்கை இரு கைகளாலும் இறுகப் பற்றி, ஆக்ஸிலரேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுத்து, வண்டி தன் வேகம் தணிந்து இடப்புறம் ஒதுங்கும்வரை பொறுத்திருந்தார். லாரி எங்களை உராயாமல் கடந்து சென்று நின்றது. இறங்கிப் பார்த்தால், யான் வாங்கிய டயர்களில் ஒன்று, பக்கச் சுவர் கிழிந்து ரிம்மிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. இறைவனருளால் ஒருவருக்கும் காயமில்லை.

ஸ்டெப்னியை இறக்கினோம். அதில் காற்றில்லை. நெடுநாளாக வண்டியின் அடியில் தொங்கிய அச்சக்கரத்தை நாங்கள் ஒருவரும் தொட்டுப் பார்த்ததில்லை. அதன் ரிம்மின் விளிம்பை உப்புக்காற்று அரித்திருந்தமையால், காற்று சிறிது சிறிதாக ஒழுகிப்போயிருந்தது. சேமவச்சைப் பற்றி இரண்டு பக்கம் விடையெழுதிய யான், சேமமற்ற சக்கரத்தின் முன் தலைகுனிந்து நின்றேன்.

அப்போது எங்களுக்கு உதவியவர் யாவரென எண்ணுகின்றீர்? அந்த உப்பு லாரிக்காரரே. லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு அதன் ஓட்டுநரும் துணையாளும் நடந்து வந்தனர். வழியில் வந்த ஒரு சிறு வண்டியை மறித்து, எங்கள் ஸ்டெப்னியையும் என்னையும் ஆறுமுகனேரிக்கு அனுப்பி, விளிம்பைச் சுரண்டித் துடைத்துக் காற்றடைத்து வரச் செய்தனர். திரும்பி வந்ததும் தம் ஜாக்கியால் வண்டியைத் தூக்கி, சக்கரத்தையும் மாட்டித் தந்தனர். யாம் கொடுக்க முயன்ற பணத்தை வாங்கவில்லை. போகும்போது அவ்வோட்டுநர், "நாலு சக்கரத்துக்குக் காத்து பாக்கறப்ப அஞ்சாவதுக்கும் பாக்கணும் தம்பி" என்று மட்டும் கூறினார். உமணர் குடி அழியவில்லை. அவர்தம் அறிவும் அழியவில்லை.

அன்று மேலே செல்லாது மெல்ல ஊர் திரும்பினோம். தாத்தா மணப்பாட்டுத் திருவிழாவைத் தவறவிட்டதாக எனக்கு நினைவு தெரிந்து அதுவே முதன்முறை. வழியெல்லாம் அவர் ஒன்றும் பேசவில்லை. அம்மௌனம் எந்த வசையினும் கொடிதாயிருந்தது.

திங்கட்கிழமை அண்ணாச்சி வண்டியை எடைமேடைக்கு ஓட்டிவரச் சொன்னார். உப்பும் துறைமுகச் சரக்கும் நிறுக்கும் ஊரில் எடைமேடைக்குப் பஞ்சமில்லை. தண்ணீரும் பெட்டிகளும் நிறைந்த வண்டி 2,480 கிலோ இருந்தது. பின்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தியபோது 1,420 கிலோ. எனவே ஒவ்வொரு பின்சக்கரத்தின் மேலும் 710 கிலோ. பின்பு அவர் கிழிந்த டயரைப் புரட்டி, யான் அழகு வேலைப்பாடென்று கருதிய எழுத்துக்களை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னார்.

185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு எழுபது என்பது. ஆர் என்பது ரேடியல் என்பதன் முதலெழுத்து. 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அதன்பின் 88 என்றிருந்தது. அது பாரக் குறியீடு. 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ வரையில் தாங்கும் என்பது பொருள். எங்கள் வண்டிக்குரிய டயரில், சி என்னும் எழுத்துக்குப் பின் 102/100 என்றிருந்தது. சி என்பது சரக்கு வண்டிக்குரிய உறுதியான கட்டமைப்பைக் குறிக்கும். 102 என்பது தனிச் சக்கரத்திற்கு 850 கிலோ. 100 என்பது இரட்டைச் சக்கரமாக மாட்டினால் ஒவ்வொன்றிற்கும் 800 கிலோ. 560 கிலோ தாங்குவதன்மேல் 710 கிலோவை ஏற்றி யான் பாட்டியையும் குழந்தையையும் படுக்கவைத்திருந்தேன்!

வண்டியின் பாரத்தைத் தாங்குவது ரப்பரன்று, அதனுள் அடைபட்ட காற்றே. 1888-இல் பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் ஜான் பாய்டு டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயரைச் செய்து மாட்டிய நாள் தொட்டு இவ்வுண்மை மாறவில்லை. மிகுந்த பாரத்திற்கு மிகுந்த அழுத்தமுள்ள காற்று வேண்டும். அவ்வழுத்தத்தை அடக்கிவைக்க உறுதியான உறை வேண்டும். கார் டயர் அதற்கு அமைந்ததன்று. பாரம் மிகவே அதன் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து மடிந்து நிமிரும். அதனால் உள்ளே வெப்பம் ஏறும். வெப்பத்தால் அடுக்குகள் ஒட்டு விடும். நண்பகல் வெயிலும் தார்ச்சாலையின் சூடும் அதற்குத் துணை நின்றன. அளவு கடந்தால் மயிலிறகும் அச்சை முறிக்கும் என்னும் வள்ளுவர் கருத்தை யான் சிறு வயதிலேயே மனனம் செய்தவன். என் செய்வது? மனனம் செய்தது நாவளவில் நின்றுவிட்டது.

பக்கச் சுவரில் ஒரு சிறு முட்டை வடிவக் கட்டத்துள் 3216 என்று நான்கு எண்கள் இருந்தன. அது 2016-ஆம் ஆண்டின் 32-ஆம் வாரத்தில் ஆக்கப்பட்டது என்பதற்கு அடையாளம். யான் வாங்கியபோதே அப்"புதிய" டயருக்கு எட்டாண்டு கடந்திருந்தது. வெயிலும் காற்றும் பட்டு, ஓடாமலே ரப்பர் இறுகும். மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றும். எங்கள் வண்டி போல ஆண்டிற்குச் சில பயணமே செய்யும் வண்டிகளில், டயர் தேய்ந்து சாவதினும் மூத்துச் சாவதே மிகுதி. கோட்டின் ஆழம் மட்டும் நோக்கி டயரை மதிப்பது, பல்லின் வெண்மை நோக்கி ஒருவன் வயதை மதிப்பது போலாம். ஐந்தாண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் சோதிப்பதும், பத்தாண்டு நிரம்பியதை எவ்வாறிருப்பினும் நீக்குவதும் டயர் செய்வோர் பலர் கூறும் நெறி.

அன்று மாலை, வாங்கிய புத்தகங்களை ஒரு பையில் இட்டுக்கொண்டு தாத்தாவிடம் சென்றேன். நிகழ்ந்தது முழுவதையும் ஒளியாமல் கூறினேன். கடைக்காரர் எச்சரித்ததையும் யான் வழக்காடியதையும் கூறினேன். "இவற்றை விற்றுவிடுகிறேன், தாத்தா" என்றேன்.

அவர் பையைத் திறந்து ஒரு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "வாசிச்சு முடிச்சிட்டியா?" என்று வினவினார். இல்லை என்றேன்.

"பின்ன எதுக்கு விக்கிற? இதுலயும் எழுத்து இருக்கு, அதுலயும் எழுத்து இருக்கு. ரெண்டையும் வாசி." சிறிது நேரம் கழித்து, தமக்குத்தாமே பேசுவார் போன்று கூறினார்: "எங்க அப்பா முத்துக்குளிச்சவரு. அடியில போறவன் கண்ணுக்கு மேல இருக்கிறவன் தெரியமாட்டான். கயிறு மட்டுந்தான் தெரியும்."

எங்கள் கரையில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. அதனை யான் கண்டதில்லை. ஆயினும் மூச்சடக்கிக் கடலடியில் இருப்பவன், தோணியில் கயிறு பிடித்து நிற்பவனை நம்பியே மூழ்குகின்றான் என்பது எங்கள் பகுதியில் குழந்தைக்கும் தெரியும். கட்டிலில் படுத்திருந்த பாட்டி டயரை நோக்கவில்லை, எண்ணை வாசிக்கவில்லை, என்னை நம்பினார். அக்கயிறு என் கையில் இருந்தது. யான் அதனை ரூ. 4,000 விலைக்கு நெகிழவிட்டேன்.

இப்போது எங்கள் வண்டியின் நான்கு சக்கரங்களிலும் 185 ஆர் 14 சி, 102/100 என்னும் டயர்களே உள, நான்கும் ரேடியல். ரேடியலையும் நைலான் டயரையும் ஓர் அச்சில் கலந்து மாட்டலாகாது என்பதையும் அண்ணாச்சியிடம் கற்றேன். தண்ணீர்த் தொட்டியைப் பின்கோடியிலிருந்து வண்டியின் நடுவிற்கு மாற்றினோம். அதற்கு இடம் குறித்தவர் தாத்தா. அணியமும் பின்பக்கமும் ஒத்து நிற்கத் தோணியில் பாரம் இறக்கிய கைக்கு, அது தெரியாதா? மாற்றிய பின்னர் மறுபடியும் எடைமேடையில் நிறுத்தி, மறுபடியும் சாக்கட்டியிட்டு டோவை அளந்தோம். ஏனெனில் முதலில் தேய்ந்த மூட்டு, அடுத்துப் பாரம், அடுத்து அதற்கேற்ற டயர், இறுதியில் நேர்மை பார்த்தல் என்பதே முறை. முறை மாறினால் பணமும் உழைப்பும் வீணாகும்.

விடுமுறைக்கு வீடு செல்லும்போதெல்லாம், விடியற்காலையில் டயர் சூடேறுமுன் காற்றை அளப்பது இப்போது என் பணி. கோடுகளின் இடையே 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் அமைந்துள்ள சிறு மேடுகளை ரப்பரின் முகப்பு எட்டிவிட்டதா என்று பார்ப்பேன். உள்ளங்கையால் உட்புறமும் வெளிப்புறமும் தடவிப் பார்ப்பேன். சித்தப்பாவின் மகள் சாக்கட்டியை ஏந்திக்கொண்டு என்னுடன் வந்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று எண்ணுவாள். எண்ணி முடித்ததும், வண்டியின் பின்புறம் குனிந்து, அடியில் தொங்கும் ஸ்டெப்னியைத் தட்டி, "அஞ்சு" என்பாள்.